மத்திய அரசு 2 மாதம் என்கிறது, ஓனர் 10 மாதம் கேட்கிறார்

கேள்வி: பெரம்பூரில் 18,000 ரூபாய் வாடகைக்கு ஒரு வீடு பிடித்திருக்கிறது. 10 மாத அட்வான்ஸ், 1,80,000 கேட்கிறார்கள். 2 மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று மத்திய அரசு சட்டம் போட்டுவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்தது. அதைக் காட்டிக் கேட்கலாமா?

அதைக் காட்டாதீர்கள், சென்னையில் அது செல்லாது. உங்களுக்கு வந்தது 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டம். வீட்டுக்கு 2 மாதம், கடைக்கு 6 மாதம் என்ற வரம்பு அதில் இருப்பது உண்மைதான். ஆனால் வீட்டு ஓனர், வாடகைதாரர் விவகாரம் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, அதனால் டெல்லி ஒரு மாதிரியை எழுதி அனுப்பலாம், அவ்வளவுதான். சட்டமன்றம் நிறைவேற்றும்வரை அது வெறும் வரைவு.

அப்படியானால் மாதிரிச் சட்டத்தால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது, நிறையவே இருக்கிறது. 2015இல் ஒரு வரைவு வந்தது. அதே வருடம் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், நகர்ப்புற வீடுகளுக்கான நிதியோடு வாடகைச் சட்டத்தை அந்த வரைவையொட்டி மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. நேரடியாகச் சட்டம் போட முடியாத இடத்தில் இப்படித்தான் ஒரே வாசகம் மாநிலம் மாநிலமாகப் போய்ச் சேருகிறது. தமிழ்நாடு 1960ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு 2017இல் புதுச் சட்டம் கொண்டுவந்தது, 2019 பிப்ரவரி 22 முதல் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. 2015 வரைவில் அட்வான்ஸ் 3 மாதம், நம் சட்டத்திலும் 3 மாதம். பிறகு மத்திய அரசு தன் மாதிரியில் 2 ஆகக் குறைத்ததால் நம்முடையது தானாகக் குறைந்துவிடாது.

சரி, 54,000 கொடுத்தால் போதுமா? நம் சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்த 'தவிர'தான் 10 மாதப் பழக்கத்தை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் அந்த வார்த்தையை விட்டிருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் 1,80,000 என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு அந்த வரம்பைச் சொல்லி வாதாடுவது கஷ்டம். எனவே பேரம் பேசுவதானால் கையெழுத்துக்கு முன்னால் பேசுங்கள், 2017 சட்டத்தின் பெயரைச் சொல்லியே பேசுங்கள்.

தொகை எதுவானாலும் வங்கி வழியாகக் கொடுங்கள். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே பிரிவில் இருக்கிறது. 'பெயின்டிங் செலவுக்கு ஒரு மாத வாடகை' என்ற வரி ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள், குடிபோகும் அன்றே சுவர்களைப் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், 11 மாத ஒப்பந்தம்தானே, பதிவே வேண்டாம் என்று புரோக்கர் சொல்வார். சார்பதிவாளர் அலுவலகக் கணக்கு வேறு, இது வேறு. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். இதற்காக மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு அலையாதீர்கள், அவர்களுக்கு இதில் வேலை இல்லை.