அரசின் தடைப் பட்டியலில் இல்லாத போதைப்பொருளை மொத்தமாகத் தடை செய்தால் ஒழிந்துவிடுமா?

கடையில் கிடைப்பது குறையும் தம்பி, ஆனால் பழக்கம் அதோடு நின்றுவிடாது.

தடைச் சட்டம் வேதிப்பொருளின் பெயரைச் சொல்லித்தான் தடுக்கிறது, தயாரிப்பவன் மூலக்கூறில் ஓரிடத்தை மாற்றி வேறு பெயரில் விற்கிறான், அரசு அதையும் பட்டியலில் சேர்ப்பதற்குள் அடுத்த சரக்கு வந்துவிடுகிறது. நம்முடைய 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் பட்டியலை நம்பியதுதான். மெஃபெட்ரோன் என்ற செயற்கைப் போதைப்பொருள் அதில் ஏறியது 2015-ல். பிரிட்டன் இந்தத் துரத்தலில் சலித்துப்போய், மது, புகையிலை, காபி போன்றவற்றுக்கு விலக்குக் கொடுத்துவிட்டு, மனநிலையை மாற்றும் எதையும் விற்கக்கூடாது என்று 2016-ல் ஒரேயடியாகச் சொல்லிவிட்டது. கடைகள் மூடின, சரி. ஆனால் அங்கே விற்ற செயற்கைக் கஞ்சா தெருவுக்கும் சிறைக்கும் போய்விட்டது.

கடலூர்க்காரர்களுக்கு இது கண்ணெதிரே நடப்பது. புதுச்சேரியிலிருந்து வரும் பேருந்து ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் நின்றதும் காவலர் ஏறி, இருக்கைக்கு அடியில் கையை விட்டுப் பைகளைத் துழாவுவார், அப்படியும் மது பாட்டில் வரத்தான் செய்கிறது, ஏனென்றால் அந்தப் பக்கம் விலை குறைவு. அப்புறம், திருட்டுச் சரக்கில் என்ன கலந்திருக்கிறது என்று குடிப்பவனுக்குத் தெரியாது. 2024-ல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது.

அதனால் விற்பவனை விடாதீர்கள், சிக்கிக்கொண்ட பிள்ளையை மருத்துவமனைக்கு அனுப்புங்கள் என்பேன். அதே 1985 சட்டத்தின் 64ஏ பிரிவில், சிறிய அளவு போதைப்பொருளோடு பிடிபட்ட, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பெற்றோர் பலருக்கு இது தெரிவதே இல்லை.