சரியான இடத்தில் வைத்தாலும் பூச்சியமா? படத்தின் அளவைப் பாருங்கள்

வணக்கம். வெள்ளவத்தை வகுப்புக்கு, இணையவழிக் கற்றல் தளமான மூடுலில், குறியை இழுத்து வைக்கும் இலங்கை வரைபட வினா போட்டதாகவும், மகாவலியின் கழிமுகத்தில் பிள்ளைகள் குறியைச் சரியாக வைத்தும் பூச்சியம் விழுவதாகவும் எழுதியிருந்தீர்கள். பிழை பிள்ளைகளுடையது இல்லை.

உங்கள் படம் 800 x 1200 பிக்சல். மூடுல் பின்னணிப் படத்தை 600 x 400க்குள் அடக்கிச் சுருக்கிவிடும். உயரம் 1200 என்பது 400 ஆகும்போது எல்லாம் மூன்றில் ஒன்றாகிறது. நீங்களோ பெயின்ட்டில் மூலப்படத்தில் அளந்த 510,360 என்ற ஆள்கூற்றையே கொடுத்திருக்கிறீர்கள். அது 170,120 ஆக வேண்டும். ஆள்கூறு மேல் இடது மூலையிலிருந்து எண்ணப்படும்.

வகுத்துத் திருத்துவதைவிட, கிழக்குக் கரையை மட்டும் வெட்டி, 600 x 400க்குள் சுருக்கிய பிறகு அளப்பதே நல்லது. முழுத் தீவும் 267 பிக்சல் அகலத்தில் நெருங்கிக் கிடந்தால் போனில் மகாவலி கலக்கும் கொட்டியாரக் குடாவை விரலால் தொடவே முடியாது.

வட்டத்துக்கு, இப்போதுள்ள படமானால் 170,120;12 என்று எழுதுங்கள்; வெட்டிய படமானால் முதல் இரண்டும் புதிதாக அளந்த எண்கள். கடைசி எண் ஆரை. 12க்குக் குறைத்தால் போனில் எழுதும் பிள்ளைகளுக்கு அநியாயம். ஆற்றுப்படுகை போன்ற ஒழுங்கற்ற இடத்துக்குப் பல்கோணம், ஒவ்வொரு முனையையும் அரைப்புள்ளியால் பிரித்து.

கணக்கில் எடுபடுவது குறியில் உள்ள சிலுவை அடையாளத்தின் நடு, பக்கத்திலுள்ள எழுத்து அல்ல. இதை வினாவிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

திருத்தியதும் முன்னோட்டத்தில் போனிலும் செய்து பாருங்கள். ஏற்கெனவே எழுதியவர்களுக்கு, பெறுபேற்றுப் பக்கத்தில் மீள்புள்ளியிடல் (Regrade) கொடுத்தால் போதும். மறுபடி எழுதவைக்க வேண்டாம்.