உயிர் தோன்றிய விதம்: மலையக வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆதிப் பூமியில் உயிர் எவ்வாறு தோன்றியது என்பது பற்றி அண்மையில் எனக்கு வந்த கடிதங்களில், ஒன்றோடொன்று தொடர்புடைய சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். உயர்தர வகுப்புகளுக்கு முப்பது ஆண்டுகள் இரசாயனவியல் கற்பித்தவன் என்ற முறையில் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. இத்துறை பற்றிய செய்தி ஒன்றைப் படிக்கும்போது, அது ‘இப்படி நடக்கக்கூடும்’ என்று காட்டுகிறதா அல்லது ‘இப்படித்தான் நடந்தது’ என்று காட்டுகிறதா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். கடிதங்களில் நான் கண்ட குழப்பங்களில் பெரும்பாலானவை, இவ்விரண்டையும் ஒன்றென எண்ணியதால் ஏற்பட்டவை.

மில்லர் என்பவர் ஆய்வுகூடத்தில் உயிரை உண்டாக்கினார் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். ரியூசன் வகுப்பில் அந்தப் பரிசோதனையே பிழை என்றார்கள். எதை நம்புவது, சேர்?
— உயர்தர மாணவி, ஹட்டன்

இரண்டும் சரியல்ல, மகள். ஆதிப் பூமியின் வளிமண்டலத்தில் எளிய வாயுக்களிலிருந்து, காபனை அடிப்படையாகக் கொண்ட சேதனப் பொருட்கள் உருவாகியிருக்கலாம் என்ற கருத்தை 1924 இல் ரஷ்யாவின் ஒபாரினும் 1929 இல் பிரித்தானியாவின் ஹால்டேனும் தனித்தனியே முன்வைத்திருந்தார்கள். அதைச் சோதித்துப் பார்த்தவர், சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஹரோல்ட் யூரேயின் மாணவராக இருந்த ஸ்டான்லி மில்லர். ஒரு குடுவையில் நீர் கொதிக்கிறது. அதன் ஆவி மெதேன், அமோனியா, ஐதரசன் ஆகிய வாயுக்களோடு கலந்து மேலேயுள்ள பெரிய குடுவைக்குள் செல்கிறது. அங்கே இரு மின்வாய்களுக்கிடையே மின்னலுக்குப் பதிலாக மின்பொறி பாய்கிறது. பின்னர் அனைத்தும் குளிர்ந்து, ஒடுங்கி, மீண்டும் நீருக்கே திரும்புகிறது. முதல் நாள் முடிவில் நீர் இளஞ்சிவப்பானது. ஒரு வாரத்தில் கலங்கிய கடுஞ்சிவப்பாக மாறியது. அதில் ஒரு துளியை எடுத்து, நீங்கள் வகுப்பில் செய்யும் அதே தாள் நிறப்பகுப்பு முறையில் பிரித்து நின்ஹைட்ரின் தெளித்தபோது, கிளைசீனும் அலனீனும் நிறப் பொட்டுகளாகத் தெரிந்தன. அவை அமினோ அமிலங்கள், புரதத்தின் அலகுகள். செங்கல் இருந்தால் வீடு இருக்கிறது என்று பொருளாகாது. 1953 இல் வெளியான தம் கட்டுரையில் மில்லரும் உயிரை உண்டாக்கியதாக உரிமை கோரவில்லை.

இனி, பிழை என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அக்கால வளிமண்டலத்தில் மெதேனும் அமோனியாவும் நிறைந்திருக்கவில்லை, எரிமலைகள் வெளியிட்ட காபனீரொட்சைட்டும் நைதரசனுமே மிகுந்திருந்தன என்று புவியியலாளர்கள் பின்னர் கருதத் தொடங்கினார்கள். அத்தகைய கலவையில் அமினோ அமிலங்களின் விளைவு குறைவு. இது நியாயமான மறுப்பு. ஆனால் எரிமலை வாய்களின் அருகே உள்ளூர் அளவில் வேறு வாயுக் கலவை இருந்திருக்க இடமுண்டு. 2007 இல் மில்லர் மறைந்த பின், அவர் 1950களில் எரிமலை நிலைமையை ஒத்த வேறொரு கருவியில் செய்து சிறு குப்பிகளில் பத்திரப்படுத்தியிருந்த மாதிரிகளை அவருடைய மாணவர் ஜெப்ரி பாடாவும் மற்றவர்களும் நவீன கருவிகளால் ஆராய்ந்தார்கள். 2008 இல் வெளியான அந்த முடிவில் 22 அமினோ அமிலங்கள் இருந்தன. ஆகவே பரீட்சையில் இப்படி எழுதுங்கள்: உயிரின் அலகுகள் உயிரின் உதவியின்றியே உருவாக முடியும் என்பதை மில்லரின் பரிசோதனை காட்டியது, அவை ஆதிப் பூமியில் அதே வழியில்தான் உருவாகின என்பதை அது நிறுவவில்லை.

அரிசி மாவில் புழு வருகிறது, ஈரமான ரொட்டியில் பூஞ்சணம் வருகிறது. அப்படியென்றால் உயிர் இன்றும் தானாகத்தானே தோன்றுகிறது?
— வாசகி, பண்டாரவளை

இல்லை, அம்மா. மாவில் வண்டு முன்னரே முட்டையிட்டிருக்கிறது. ரொட்டியின் மேல் காற்றிலிருந்த வித்திகள் விழுந்திருக்கின்றன. 1668 இல் இத்தாலியின் ரெடி, மெல்லிய துணியால் மூடிய இறைச்சியில் புழு வைக்காததைக் காட்டினார். 1860களின் தொடக்கத்தில் லூயி பாஸ்டர், வளைந்த கழுத்துள்ள குடுவையில் கொதிக்க வைத்த சாறு கெடாமலே இருப்பதைக் காட்டினார்.

உங்கள் கேள்விக்குள் இன்னொரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது: அன்று தோன்றிய உயிர் இன்று ஏன் புதிதாகத் தோன்றுவதில்லை? இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அன்று வளியில் சுயாதீன ஒட்சிசன் ஏறத்தாழ இல்லை. இன்று ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன் இருப்பதால், மென்மையான சேதன மூலக்கூறுகள் ஒட்சியேற்றப்பட்டுச் சிதைகின்றன. அத்தோடு, அப்படி ஏதேனும் ஓரிடத்தில் சேர்ந்தாலும், அதைத் தின்பதற்கு இன்று எங்கும் பற்றீரியாக்கள் காத்திருக்கின்றன. டார்வின் 1871 இல் தம் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், ‘வெதுவெதுப்பான ஒரு சிறு குளம்’ என்ற எண்ணத்தோடு இந்த இரண்டாவது காரணத்தையும் குறிப்பிட்டிருந்தார்.

நமது மலைகள் மிகப் பழையவை என்கிறார்கள். முதல் உயிரின் சுவடு இங்கே கிடைக்குமா? கோடிக்கணக்கான ஆண்டுகளை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
— தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர், தலவாக்கலை

மலையகப் பாறைகள் பழையவைதான். ஆனால் இந்தத் தேவைக்கு உகந்தவை அல்ல. சுமார் 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதியபோது அவை பூமியின் ஆழத்துக்குள் அமிழ்த்தப்பட்டு, பல இடங்களில் 800 பாகை செல்சியசுக்கு மேல் வெந்து, மீண்டும் படிகமாகின. வீதி வெட்டிய சரிவுகளில் கறுப்பும் வெள்ளையுமாக வரிவரியாகத் தெரியும் பாறை அந்த வேக்காட்டின் அடையாளம். அத்தகைய வெப்பத்தில் நுண்ணுயிரின் வடிவம் எதுவும் மிஞ்சாது.

வயதைக் கணக்கிடும் கல்லோ நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மாணிக்கம் அகழ்பவர்களின் கூடையில் நீலக்கற்களோடு சேர்ந்து வரும் சிர்க்கன், படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே ஏற்கும், ஈயத்தை ஏற்காது. எனவே பின்னர் அதற்குள் காணப்படும் ஈயம் யுரேனியம் சிதைந்து உண்டானதே. யுரேனியம் 238 இன் பாதி அளவு சிதைய ஏறக்குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும் என்பது தெரிந்திருப்பதால், இரண்டின் விகிதத்தைக் கொண்டு கல்லின் வயது கணிக்கப்படுகிறது. மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில் கிடைத்த ஒரு சிர்க்கன் மணிக்கு 440 கோடி ஆண்டு வயது. பூமிக்கோ 454 கோடி. அந்தக் குன்றுகளின் சிர்க்கன் மணிகளிலுள்ள ஒட்சிசன் சமதானிகளின் (நிறை வேறுபட்ட ஒட்சிசன் அணுக்களின்) விகிதம், அத்தனை தொன்மையிலேயே பூமியில் திரவ நீர் இருந்ததைச் சுட்டுகிறது.

உயிரின் சுவடுகளைப் பொறுத்தவரை, அதே மேற்கு அவுஸ்திரேலியாவின் பில்பராப் பகுதியில் 348 கோடி ஆண்டுப் பழைமையான, நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காக விட்டுச்சென்ற பாறை அமைப்புகள் பரவலாக ஏற்கப்பட்டுள்ளன. கிறீன்லாந்தில் 370 கோடி ஆண்டுப் பாறையில் கண்டதாகச் சொல்லப்படும் சுவடுகள் இன்னும் விவாதத்தில் உள்ளன; நான் அவற்றை உறுதியானவையாகக் கொள்வதில்லை.

பொலன்னறுவையில் விழுந்த கல்லில் விண்வெளி உயிர் இருந்ததாகப் பத்திரிகைகளில் வந்ததே! நம் நாட்டு விஞ்ஞானியின் கருத்தை ஏன் உலகம் ஏற்கவில்லை?
— ஓய்வுபெற்ற அதிபர், கண்டி

கொழும்பில் பிறந்த சந்திரா விக்கிரமசிங்க, வானியலாளர் பிரெட் ஹொய்லுடன் சேர்ந்து, உயிர் விண்வெளியிலிருந்து வந்தது என்ற கருத்தைப் பல ஆண்டுகள் வலியுறுத்தியவர். 2012 டிசெம்பரில் பொலன்னறுவைப் பகுதியில் விழுந்ததாகச் சொல்லப்பட்ட கல்லில் தயற்றம் எனும் நுண்ணிய அல்காவின் ஓடுகள் இருப்பதாக அவரும் குழுவினரும் 2013 இல் அறிவித்தார்கள். அந்தக் கல் விண்கல்தான் என்பதே மற்ற ஆய்வாளர்களுக்கு ஏற்புடையதாக நிறுவப்படவில்லை. மேலும், தயற்றங்கள் நம் குளத்து நீரிலும் வயற் சேற்றிலும் நிறைந்தவை. பொலன்னறுவையோ குளங்களின் பூமி. மண்ணில் கிடந்து எடுத்த கல்லில் அவற்றின் ஓடு இருந்தால், மண்ணிலிருந்தே வந்தது என்பதுதான் முதலில் விலக்கப்பட வேண்டிய விளக்கம். ஒரு கருத்தை உலகம் ஏற்பதும் மறுப்பதும் சொன்னவரின் நாட்டைப் பார்த்தல்ல, ஐயா.

இதே துறையில் நாம் பெருமைப்பட இன்னொருவர் இருக்கிறார்; உங்கள் கண்டியோடு தொடர்புடையவர். 1923 இல் காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும, 1963 இல் கார்ல் சேகன், ரூத் மரினர் ஆகியோருடன் சேர்ந்து, ஆதிப் பூமியின் நிலைமையைப் போலி செய்து, புற ஊதாக் கதிரின் துணையால் கலங்களின் சக்தி நாணயமான ஏ.டி.பி. உருவாகுவதைக் காட்டினார். பின்னாளில் ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராகவும் இருந்தார். 1969 செப்டெம்பர் 28 இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் என்ற ஊரில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்களைக் கண்டறிந்த குழுவில் அவர் இருந்தார். அவை பூமியின் மாசு அல்ல என்று எப்படி அறிந்தார்கள்? இடக்கால் செருப்பும் வலக்கால் செருப்பும் போல, அமினோ அமிலங்களில் இரு வடிவங்கள் உண்டு. பூமியின் உயிர்கள் புரதத்துக்கு இடக்கை வடிவத்தையே பயன்படுத்துகின்றன. விண்கல்லிலோ இரண்டும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. அத்தோடு நம் புரதங்களில் இல்லாத அமினோ அமிலங்களும் இருந்தன. பொலன்னறுவைக் கல்லுக்கும் இப்படியொரு சோதனையைத்தான் உலகம் எதிர்பார்த்தது.

பென்னு என்ற சிறுகோளிலிருந்து நாசாவின் விண்கலம் 2023 இல் கொண்டுவந்த சுமார் 121 கிராம் மாதிரியில், புரதங்களின் 20 அமினோ அமிலங்களில் 14 உம், மரபுத் தகவலைச் சுமக்கும் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. ஆகிய மூலக்கூறுகளில் எழுத்துகள் போல் அமையும் ஐந்து நைதரசன் மூலங்களும் இருந்ததாக 2025 இல் அறிவிக்கப்பட்டது. மூலப்பொருட்கள் விண்ணிலும் உருவாகின்றன. இதில் இனி ஐயமில்லை. உயிர் அங்கிருந்து வந்தது என்பதற்கு மட்டும் சான்று கிடைக்கவில்லை.

கன்னியா வெந்நீரூற்றுக்குப் போயிருந்தேன். அப்படிப்பட்ட இடத்தில்தான் உயிர் தோன்றியதா, அல்லது ஆழ்கடலிலா?
— வாசகர், மஸ்கெலியா

இன்று ஆய்வாளர்கள் மிகக் கடுமையாக வாதிடும் கேள்வி இது.

ஆழ்கடல் தரப்பு சொல்வதைக் கேளுங்கள். 2000 ஆம் ஆண்டில் அத்திலாந்திக் கடலடியில், ‘தொலைந்த நகரம்’ என்று பெயரிடப்பட்ட, சில 60 மீற்றர் வரை உயர்ந்த வெண்ணிறக் கோபுரங்கள் கண்டறியப்பட்டன. அங்கே கடல்நீர் ஒலிவின் என்ற கனியத்தோடு தாக்கமுற்று, ஐதரசன் நிறைந்த, 40 முதல் 90 பாகை வெப்பமுள்ள காரநீர் ஊறுகிறது. ஆதிக் கடல் சற்று அமிலமானது என்பதால், அக்காலக் கோபுரங்களின் நுண்துளைச் சுவர்களின் ஒரு பக்கத்தில் புரோத்தன் (நேரேற்றமுள்ள ஐதரசன் அயன்) மிகுதியாகவும் மறு பக்கத்தில் குறைவாகவும் இருந்திருக்கும். இன்றைய கலங்கள் ஏறத்தாழ யாவும் மென்சவ்வின் இரு பக்கமும் இதே புரோத்தன் வேறுபாட்டைக் கொண்டே சக்தி பெறுகின்றன. மைக்கல் ரசல், வில்லியம் மார்ட்டின், நிக் லேன் ஆகியோரின் வாதத்தின் உயிர்நாடி இந்த ஒற்றுமையே.

எதிர்த்தரப்பின் வாதம் நீரைப் பற்றியது. அமினோ அமிலங்கள் இணைந்து சங்கிலியாகும் ஒவ்வொரு முறையும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் நீரே நிறைந்த கடலில் அது கடினம், உண்டான சங்கிலியும் அறுபடும். மழை விட்ட பின், பாறைக் குழியில் தேங்கிய நீரை ஓரிரு வெயில் நாட்கள் பார்த்திருங்கள்: நீர் சுருங்கச் சுருங்க, கரைந்திருந்தவை விளிம்பில் வட்டவட்டமாகக் கறையாகப் படியும், அடுத்த மழையில் மீண்டும் கரையும். எரிமலைப் பகுதிகளின் வெந்நீர்க் குட்டைகளில் இப்படி உலர்வதும் நனைவதும் மாறிமாறி நிகழ்ந்தபோது, மூலக்கூறுகள் செறிந்து இணைந்திருக்கும் என்கிறார் டேவிட் டீமர். மேர்ச்சிசன் கல்லிலிருந்து பிரித்த பொருட்கள் நீரில் தாமாகவே மென்சவ்வுக் குமிழிகளாகச் சுருண்டதை 1985 இல் காட்டியவர் அவர். ரஷ்யாவின் கம்சட்காவில் உண்மையான வெந்நீர்க் குட்டை ஒன்றில் அவர் மூலப்பொருட்களை ஊற்றிப் பார்த்தபோது, அவை களிமண்ணில் ஒட்டிக்கொண்டனவே தவிர எதிர்பார்த்தவாறு இணையவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மைக்காகவே நான் அவரை மிகவும் மதிக்கிறேன்.

என் சாய்வு நிலத்துக் குட்டைகளின் பக்கம். கன்னியாவைப் பொறுத்தவரை, அது எரிமலையால் சூடேறுவதல்ல. ஆழத்து வெடிப்புகளில் இறங்கிச் சூடாகித் திரும்பும் நீர்.

புரதம் செய்ய டி.என்.ஏ. வேண்டும், டி.என்.ஏ. பிரதியாகப் புரதம் வேண்டும். மரம் முந்தியா, வித்து முந்தியா என்ற கதைதானே?
— மாணவர், நுவரெலியா

ஆம்; அந்த முடிச்சை அவிழ்த்தது ஆர்.என்.ஏ. தகவலைச் சுமக்கும் அம்மூலக்கூறு, தாக்கங்களை விரைவாக்கும் நொதியமாகவும் தொழிற்படும் என்பதை 1980களின் தொடக்கத்தில் தோமஸ் செக்கும் சிட்னி ஓல்ற்மனும் காட்டி, 1989 இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆகவே இரண்டு வேலைகளையும் ஆர்.என்.ஏ. ஒன்றே செய்த காலம் இருந்திருக்கலாம். இதற்கு வலுவான சான்று நம் உடலிலேயே இருக்கிறது. புரதம் தயாரிக்கும் இறைபோசோமில், அமினோ அமிலங்களைப் பிணைக்கும் மையம் புரதத்தால் ஆனதல்ல, ஆர்.என்.ஏ.யால் ஆனது. அதன் கட்டமைப்பைத் தெளிவாக்கியதற்காக 2009 இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். வேறு எவரின் உதவியுமின்றித் தன்னை முழுமையாகப் பிரதி செய்யும் ஆர்.என்.ஏ. மட்டும் இன்னும் ஆய்வுகூடத்தில் கைகூடவில்லை.

இதையெல்லாம் ஏற்றால் கடவுளை மறுக்க வேண்டுமா?
— வாசகி, பதுளை

வேண்டியதில்லை. எந்த நிலைமையில் எந்தத் தாக்கம் நிகழும் என்பதையே இரசாயனம் ஆராய்கிறது. உங்கள் வழிபாடு பற்றி அதனிடம் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை.

எங்கள் பாடசாலையில் ஆய்வுகூடம் இல்லை. இப்பாடத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?
— ஆசிரியை, தோட்டப் பாடசாலை

ஒளி ஊடுபுகும் ஒரு பிளாஸ்திக் போத்தல் போதும். மவுசாக்கலை, காசல்ரீ போன்ற ஒரு நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் கரும் சேற்றை எடுத்து, கிழித்த செய்தித்தாள், நொறுக்கிய முட்டை ஓடு, அவித்த முட்டை மஞ்சட்கரு ஆகியவற்றோடு பிசைந்து, போத்தலின் முக்கால் பங்குக்கு நிரப்புங்கள். மேலே அதே நீரை ஊற்றி, வெளிச்சமுள்ள யன்னலோரம் வையுங்கள். ரஷ்ய நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி 1880களில் கையாண்ட முறை இது. சில வாரங்களில் மேலே பச்சைப் படையும், அதற்குக் கீழே ஊதா அல்லது செந்நிறத் திட்டுகளும், அடியில் கறுப்பும் தோன்றும். கீழ்ப்படைகளில் வாழ்பவை ஒட்சிசன் இன்றி, ஐதரசன் சல்பைட்டை உண்டாக்கியோ பயன்படுத்தியோ வாழும் பற்றீரியாக்கள். வளியில் ஒட்சிசன் நிறைவதற்கு முந்திய பூமியில் இவற்றைப் போன்ற வாழ்க்கை முறைகளே இருந்தன. மூடியை இறுக்க வேண்டாம், உள்ளே வாயு சேரும். நாற்றம் வரும், அதுவும் பாடத்தின் பகுதி என்று சொல்லுங்கள். சேற்றைத் தொட்ட பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கைகழுவட்டும், கிழமைக்கு ஒருமுறை நிறமாற்றத்தை நிறப்பென்சிலால் வரைந்து திகதியிடட்டும்.