சொப்புச் சாமான் எந்த அலமாரியில்?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. பிறந்தநாளுக்குச் சொப்புச் சாமான்தான் வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கோவையில் ஒரு பெரிய கடைக்குக் கூட்டிப்போனோம். பாய்ஸ், கேர்ள்ஸ் என்று தனித்தனியாகப் பலகை மாட்டியிருந்தார்கள். குக்கர், அடுப்பு, தட்டு எல்லாம் கேர்ள்ஸ் பக்கம். அங்கே நின்ற பணியாளர், "தம்பி, அது பாப்பாங்களுக்கு. உனக்கு அந்தப் பக்கம் கார் இருக்கு பாரு" என்றார். பையன் குக்கரிலிருந்து கையை எடுத்துவிட்டான். கடைசியில் ரிமோட் கார் வாங்கினோம். அது அட்டைப்பெட்டியிலேயே கிடக்கிறது. கடைகள் இப்படிப் பிரிக்கலாமா? இதற்குச் சட்டம் எதுவும் இல்லையா?

பதில்: பிரிக்கக் கூடாது என்பதே என் கருத்து. உங்கள் கடிதத்தில் பையன் கையை எடுத்த அந்த இடம் மனதை விட்டுப் போகவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு மாதமாகத் தெளிவாகச் சொன்ன பிள்ளையை, ஒரு பலகையும் ஒரு வாக்கியமும் வாயடைத்துவிட்டன.

நம் வீடுகளில் சொப்பு வைத்துச் சோறாக்கியதில் ஆண், பெண் பார்த்தவர் யார்? மண்தான் அரிசி, வேப்பிலைதான் கீரை. அண்ணன் அடுப்பு மூட்டுவான், தங்கை பரிமாறுவாள், மறுநாள் மாற்றிக்கொள்வார்கள். நடைவண்டியும் அப்படித்தான். மூத்தவன் தள்ளி நடந்ததையே அடுத்துப் பிறந்தவள் தள்ளுவாள், பிறகு அது சித்தி வீட்டுக்குப் போகும். ஒரு பொருளை நான்கு பிள்ளைகள் விளையாடித் தீர்த்த வீடுகள் அவை. இளஞ்சிவப்பு, நீலம் என்று பிரித்ததும், அண்ணன் பொம்மை தங்கைக்கு ஆகாது என்றாகிவிடுகிறது. ஒன்று விற்ற இடத்தில் இரண்டு விற்கிறது.

அமெரிக்காவிலும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்தின் 1975-ஆம் ஆண்டு விற்பனைப் பட்டியலில் ஆணுக்கு, பெண்ணுக்கு என்று வெளிப்படையாகக் குறித்து விற்ற பொம்மைகள் 2 சதவீதத்துக்கும் குறைவு என்று சமூகவியலாளர் எலிசபெத் ஸ்வீட் எழுதியிருக்கிறார். பிரிவினை பிறகுதான் வலுத்தது.

சட்டத்துக்கு வருகிறேன். இந்தியாவில் பொம்மை அலமாரியை எப்படி அடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆகவே நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் இதில் பலன் இருக்காது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. 2021-இல் கையெழுத்தாகி, 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த மாநிலத்தில் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பெரிய பல்பொருள் கடைகள், ஆண், பெண் என்று பிரிக்காத ஒரு பொம்மைப் பகுதியைக் கட்டாயம் வைக்க வேண்டும். மீறினால் முதல்முறை 250 டாலர் வரை, அடுத்தடுத்து 500 டாலர் வரை அபராதம். ஆனால் பாய்ஸ், கேர்ள்ஸ் பகுதிகளை அது தடுக்கவில்லை. பக்கத்தில் மூன்றாவதாக ஒரு மூலை வைத்தால் போதும். அதைவிட, 2015-இல் டார்கெட் என்ற அமெரிக்கக் கடை நிறுவனம் எந்தச் சட்டமும் இல்லாமலே பொம்மைப் பகுதியில் அந்தப் பலகைகளை எடுப்பதாக அறிவித்ததே எனக்குச் சரியான வழியாகப் படுகிறது. பலகையைக் கழற்றச் செலவே இல்லை.

அப்படியானால் எப்படி அடுக்குவது? வயதுப்படி. நான் இதை வற்புறுத்தக் காரணம் பிள்ளையின் உயிர். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மையில் தொண்டையில் சிக்கும் சிறு பாகம் இருக்கக் கூடாது. அதைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதற்குள் அடங்கிவிடுகிற எதுவும் கைக்குழந்தைக்கு ஆபத்து. இந்த எச்சரிக்கை பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. கேர்ள்ஸ் என்பது மட்டும் ஆள் உயரப் பலகையில் இருக்கிறது. இடம் மாற வேண்டியது இதுதான்.

அடுத்தமுறை பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் (பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு). முத்திரையின் மேல் ஐஎஸ் 9873, மின்சார பொம்மை என்றால் ஐஎஸ் 15644 என்றிருக்கும். கீழே உள்ள உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம்.

சொப்புச் சாமானை இப்போதும் வாங்கிக் கொடுக்கலாம். பிறந்தநாள் முடிந்துபோனால் என்ன?

கேள்வி: பேத்திக்கு மூன்று சக்கர சைக்கிள் பார்த்தேன். ஒரே கம்பெனி, ஒரே மாடல். சிவப்பைவிட இளஞ்சிவப்புக்கு 200 ரூபாய் கூடுதல். கேட்டால் "கேர்ள்ஸ் மாடல்மா" என்கிறார்கள். இது நியாயமா?

பதில்: நியாயமில்லை, ஆனால் இங்கே குற்றமும் இல்லை. நியூயார்க் நகர நுகர்வோர் துறை 2015-இல் ஏறக்குறைய 800 பொருள்களை ஒப்பிட்டது. பெண் பிள்ளைகளின் பொம்மைகளுக்குச் சராசரியாக 7 சதவீதம் விலை அதிகம். அதில் ஒரு ஸ்கூட்டர்: சிவப்பு 24.99 டாலர், இளஞ்சிவப்பு 49.99 டாலர். அதன்பின் நியூயார்க் மாநிலம் 2020-இலும், கலிபோர்னியா 2023-இலும் இப்படி விலை வைப்பதைத் தடை செய்தன.

நம்மிடம் அந்தத் தடை இல்லை. அச்சிட்ட எம்ஆர்பிக்கு மேல் கேட்டால் மட்டும் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் செய்யலாம். பேத்திக்குச் சிவப்பு பிடித்திருந்தால் சிவப்பே வாங்குங்கள், அம்மா. கூடுதல் 200 ரூபாய் பெயின்டுக்கு மட்டும்தானா என்று பார்க்க, இரண்டையும் அருகருகே நிறுத்தி சக்கரம், சீட், பெல் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். கடைக்காரர் எதிரிலேயே பாருங்கள்.

கேள்வி: நான் சிறிய ஊரில் பொம்மைக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களே "பொம்பளப் புள்ளைக்கு என்ன இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். நான் என்ன செய்ய?

பதில்: "வயசு என்னக்கா? பாப்பா எதை வச்சு விளையாடும்?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வந்ததும் கிச்சன் செட், கட்டைகள், லாரி மூன்றையும் எடுத்து ஒரே மேசையில் வையுங்கள். பிள்ளை கூட வந்திருந்தால், பிள்ளையின் கைக்கு எட்டும்படி.