சூரியன் ஏன் ஒட்டவில்லை?

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சு ஓவியர் மோனே லண்டனை வரைந்த ‘பாராளுமன்றம், அஸ்தமனம்’ (1903) படத்தை எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்தேன். சூரியன் வெட்டி ஒட்டிய பொட்டுபோல நிற்கிறது. கோபுரங்கள் கரிக்கட்டையாகிவிட்டன. தேம்ஸ் நதி சேறு. எங்கே பிசகினேன்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சூரியனில் வெள்ளையை அள்ளிச் சேர்த்திருப்பீர்கள். சூரியன் என்றாலே வானத்தைவிட வெளிச்சம் என்று கை முடிவுசெய்துவிடும். வெள்ளை ஏறினால் ஆரஞ்சின் சூடு இறங்கிவிடும். மோனே 1872இல் வரைந்த, பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகச் சூரியோதயத்தைக் கறுப்புவெள்ளையாக மாற்றிப் பாருங்கள், சூரியன் ஏறக்குறைய மறைந்துபோகும். பக்கத்து வானமும் அதுவும் ஒரே வெளிச்சம், நிறம்தான் வேறு. உங்கள் படத்தையும் கைப்பேசியில் இப்படிச் சோதியுங்கள். சூரியன் பளிச்சென்று தெரிந்தால் சுரண்டிவிட்டு, காட்மியம் மஞ்சளோடு வெர்மிலியன் என்ற ஆரஞ்சுச் சிவப்பைக் கலந்து வையுங்கள். வெர்மிலியன் கிடைக்காவிட்டால் காட்மியம் சிவப்பு போதும். சுற்றியுள்ள வானத்தைச் சாம்பல் நீலமாக அடக்கினால் சூரியன் தானே எரியும்.

கோபுரங்களுக்குக் கறுப்பு ட்யூபைத் திறந்திருந்தால் மூடிவிடுங்கள். மோனே 1905இல் எழுதிய வண்ணப் பட்டியலில் கறுப்பே இல்லை. நீங்கள் கோபால்ட் நீலம் இரண்டு பங்கு, அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பு ஒரு பங்கு, துளி வெள்ளை கலந்துகொள்ளுங்கள். மோனே ஆற்றின் மறுகரையில் புனித தாமஸ் மருத்துவமனையிலிருந்து பார்த்தார். கட்டடத்தின் பின்னால் வெயில், முன்னால் நதியின் மூட்டமும் லண்டன் புகையும். எனவே விளிம்புகள் கூராக இருக்கக் கூடாது. உலர்ந்த தூரிகையால் வானத்துக்குள் லேசாக இழுத்துவிடுங்கள்.

சேற்றுக்குக் காரணம் அவசரம். நீலமும் ஆரஞ்சும் எதிர்நிறங்கள். ஈர நீலத்தில் ஆரஞ்சைத் தேய்த்தால் பழுப்புதான் வரும். கணநேர ஒளியைப் பிடிக்கும் மோனே போன்ற இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் என்றால் ஆற்றங்கரையிலேயே ஒரே மூச்சில் முடிப்பவர் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஆனால் இந்தத் தேம்ஸ் படங்களை மோனே பிரான்சில் தம் வீடிருந்த ஜிவெர்னிக்குக் கொண்டுபோய், 1904 கண்காட்சி நெருங்கும்வரை காய்ந்த வண்ணத்தின்மேல் திருத்திக்கொண்டிருந்தார். நீங்களும் நீலம் விரலில் ஒட்டாமல் போகும்வரை காத்திருங்கள். அலிசரின் மெதுவாகக் காயும், ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். பிறகு தட்டைத் தூரிகையால் படுக்கைவாட்டில் குட்டிக் கீற்றுகள். ஒவ்வொரு கீற்றுக்கும் தூரிகையைத் துடைக்க வேண்டும், போட்ட இடத்தில் மறுபடி தடவக் கூடாது. பிரதிபலிப்பு சூரியனைவிட ஒரு படி மங்கலாக இருக்கட்டும். நம்மை நெருங்க நெருங்கக் கீற்றுகளின் இடைவெளி அகலட்டும். எல்லாம் சூரியனுக்கு நேர்கீழே இறங்க வேண்டும். ஓரமாக நழுவினால் ஆறே சாய்ந்ததுபோலத் தெரியும்.