நுண்ணூட்டம் ஏற்றிய வெண்டை விதைக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: புளியரைப் பக்கம் ஓணச் சந்தையைக் கணக்கு வைத்து அரை ஏக்கரில் வெண்டை போட்டேன். ஜிங்க், போரான் போன்ற சத்து சேர்த்த 'நுண்ணூட்டம் ஏற்றிய விதை' விலை கூடுதல் என்பதால் சாதாப் பாக்கெட் வாங்கி, லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்பேட் கரைத்து இரவு முழுக்க ஊறவைத்து விதைத்தேன். பாதிகூட முளைக்கவில்லை. விதை மோசமா? கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: முதல் சந்தேகம் ஊறவைத்த அளவின் மேல்தான். 5 கிராம் என்பது இலையில் தெளிக்கிற அளவு. விதைக்கு லிட்டருக்கு அரை கிராம் போதும்; நீங்கள் போட்டது பத்து மடங்கு. 21 சதவீதம் துத்தநாகம் (ஜிங்க்) உள்ள சரக்குக்கான கணக்கு இது. 33 சதவீதச் சரக்கு என்றால் இன்னும் ஒன்றரை மடங்கு கூடும். முளைக்காத விதை பத்தைத் தோண்டிப் பாருங்கள். தோல் வெடித்து, வேர்நுனி பழுப்பேறி மொட்டையாக நின்றால் ஜிங்க் உப்பு சுட்டிருக்கும். உள்ளே கூழாகி நாறினால் விதை பழசு, இல்லையென்றால் மண்ணில் ஈரம் மிஞ்சிவிட்டது.

பாக்கெட்டில் மிச்சம் உண்டா? 25 விதை அப்படியே, 25 வெறும் தண்ணீரில் ஊறியது, 25 அரை கிராம் கரைசலில் ஊறியது என மூன்றாகப் பிரித்து, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பத்து நாள் எண்ணுங்கள். வீட்டுத் தராசில் அரை கிராம் நிற்காது. 5 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, அதில் 100 மில்லி எடுத்து மறுபடி ஒரு லிட்டராக்குங்கள். பிளாஸ்டிக் பாத்திரம் நல்லது. தண்ணீரில் ஊறியதும் ஜிங்க்கில் ஊறியதும் ஒரே அளவு முளைத்தால், பலன் தண்ணீருடையதுதான். சாயம் பூசிய மருந்து விதையை மட்டும் ஊறவைக்கவே வேண்டாம்.

துத்தநாகம் செத்த விதைக்கு உயிர் கொடுக்காது. சத்துக் குறைந்த மண்ணில் நாற்றின் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குத் தெம்பு தரும், அவ்வளவே. போரான் வேலை செய்வது தாய்ச்செடியின் பூவில், மகரந்தம் முளைக்கும்போது. விதை ஊறும் தண்ணீரில் அது கொஞ்சம் மிஞ்சினாலும் முளைப்பு படுத்துவிடும். வீட்டில் சேர்க்காதீர்கள். அரைக் கிலோ விதைக்குத் தேவைப்படும் ஜிங்க் சில பைசாதான். 'நுண்ணூட்டம் ஏற்றிய' என்ற ஒரு வாசகத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. லேபிளில் முளைப்புத்திறனையும் பரிசோதனைத் தேதியையும் பாருங்கள். வெண்டைக்குக் குறைந்தபட்சத் தரம் 65 சதவீதம். பரிசோதனைத் தேதியிலிருந்து 9 மாதம்தான் செல்லும்.

ஊறவைத்த விதையைக் காட்டி நஷ்டஈடு கேட்டால் நிற்காது. ஊறவைக்காத 25 விதையும் லேபிள் அளவை எட்டவில்லையென்றால், பில், லேபிள், மிச்ச விதையோடு விதை ஆய்வாளரிடம் மாதிரி கொடுங்கள். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்று 2012ல் தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.