ஆறாம் இடத்துக்கும் ஒரு வாசல்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஐஸ் ஹாக்கியில் ஈசிஏசி என்ற பிரிவின் 2025 ப்ளே-ஆஃப் ஆட்டங்களை, அதாவது சீசன் முடிந்தபின் பட்டத்துக்காக நடக்கும் வெளியேற்று ஆட்டங்களை, பார்த்தேன். சீசன் முழுக்க ஆடிப் புள்ளிப்பட்டியலில் இரண்டாவதாக வந்த கிளார்க்சன், இறுதி ஆட்டத்தில் தோற்று வீட்டுக்குப் போனது. அதை வென்ற, பட்டியலில் ஆறாவதாக வந்த கார்னெல் தேசியப் போட்டிக்குப் போனது. இது அநியாயம் இல்லையா? பட்டியலில் முதலிடம் பிடித்த அணிக்கே பட்டத்தைக் கொடுத்துவிட்டு ப்ளே-ஆஃபை எடுத்துவிடலாமே?

பதில்: எடுக்கக் கூடாது. நீங்கள் சொல்லும் வழியை அப்படியே நடைமுறைப்படுத்திப் பாருங்கள். முதலிடம் குவினிபியாக்குடையது, தேசியப் போட்டிக்கான நேரடி இடம் அதற்குப் போயிருக்கும். கிளார்க்சனுக்கு என்ன கிடைத்திருக்கும்? ஒன்றுமில்லை. யாருக்காக வழக்காடுகிறீர்களோ, அந்த அணி அப்போதும் வெளியேதான் நின்றிருக்கும்.

தேசியப் போட்டியில் 16 இடங்கள். ஆறு பிரிவுகளின் ப்ளே-ஆஃப் சாம்பியன்களுக்கு ஆறு இடங்கள். மீதிப் பத்தும் 2025 வரை 'பேர்வைஸ்' என்ற ஒப்பீட்டுக் கணக்கின்படி நிரப்பப்பட்டன. ஒவ்வோர் அணியையும் நாட்டின் மற்ற அணிகளோடு ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும் கணக்கு அது. சீசன் முழுக்கப் பட்ட பாடு வீணாகாமல் இருக்கத்தான் அந்தப் பத்து இடங்கள். குவினிபியாக் அரையிறுதியில் கார்னெலிடம் கூடுதல் நேரத்தில் தோற்றது. இருந்தும் இந்தக் கணக்கின் பலத்தில் உள்ளே போனது. கிளார்க்சனால் முடியவில்லை. அதைத் தடுத்தது அந்தக் கணக்கு. ஒரு இரவின் தோல்வி மட்டுமே காரணம் என்று நீங்கள் எழுதியது சரியல்ல.

தோற்ற அணிக்கு இந்த முறை கதவை அடைத்துவிடுவதில்லை என்பதற்கு 2013 போதும். அட்லாண்டிக் சிட்டியில் நடந்த அந்த ஆண்டின் ஈசிஏசி அரையிறுதியில் யேல் 0-5 என யூனியனிடம் தோற்றது. மறுநாள் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் குவினிபியாக்கிடம் 0-3. இரண்டு நாளில் ஒரு கோல்கூட அடிக்காத அணி அது. பேர்வைஸ் கணக்கில் கடைசி ஆளாகத் தேசியப் போட்டிக்குள் நுழைந்தது; ஏப்ரல் 13 அன்று பிட்ஸ்பர்கில் அதே குவினிபியாக்கை 4-0 என வென்று தேசிய சாம்பியன் ஆனது.

இனி கார்னெல். 'ஆறாவது' என்ற ஒரே சொல்லில் அதைத் தள்ளிவிட்டீர்கள். அந்த சீசனில் காயங்களால் அலைக்கழிக்கப்பட்ட அணி அது. முப்பது ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்த மைக் ஷேஃபருக்குக் கடைசி சீசனும் அதுவே. காலிறுதியில் மூன்றாம் இடத்து கோல்கேட்டை, அதன் சொந்த மைதானத்திலேயே, மூன்று ஆட்டத் தொடரில் வென்றார்கள். பிறகு லேக் ப்ளாசிட்டின் ஹெர்ப் ப்ரூக்ஸ் அரங்கில் முதலிடத்து அணி, மறுநாள் இரண்டாமிடத்து அணி. 1980 ஒலிம்பிக்கில் அமெரிக்க மாணவர் அணி சோவியத் யூனியனை 4-3 என வென்ற அதே அரங்கு. பட்டியலில் தமக்கு மேலே இருந்த மூவரை வரிசையாகச் சாய்த்தவர்களை அதிர்ஷ்டக்காரர்கள் என்று எப்படிச் சொல்வது? அடுத்த வாரமே தேசியப் போட்டியின் முதல் சுற்றில், பிக் டென் பிரிவின் சாம்பியனான மிச்சிகன் ஸ்டேட்டை 4-3 என வீழ்த்தினார்கள். வெற்றி கோல் விழுந்தபோது கடிகாரத்தில் சில விநாடிகளே மிச்சம். ப்ளே-ஆஃப் இல்லாவிட்டால் கார்னெல் அந்த ஆட்டத்தை ஆடியே இருக்காது. ஈசிஏசி அந்த ஆண்டு இரண்டு அணிகளுக்குப் பதில் ஒன்றைத்தான் அனுப்பியிருக்கும்.

பட்டியலின் முதலிடத்துக்கு மரியாதை இல்லை என்பதும் சரியல்ல. அதற்குத் தனியே க்ளியரி கோப்பை உண்டு. ப்ளே-ஆஃபில் வெல்பவருக்கு வைட்லா கோப்பை. முதல் நான்கு அணிகள் முதல் சுற்றில் ஆடவே வேண்டாம். காலிறுதியைத் தங்கள் மைதானத்திலேயே ஆடலாம். 22 பிரிவு ஆட்டங்களில் உழைத்ததற்கு அவர்களுக்குக் கிடைக்கும் கூலி இது.

உங்கள் கேள்வியில் நியாயமான துளி ஒன்று உண்டு. அதை நீங்கள் தவறான இடத்தில் வைத்துவிட்டீர்கள். ஈசிஏசி ப்ளே-ஆஃபின் முதல் சுற்று முன்பு மூன்று ஆட்டத் தொடராக இருந்தது. இப்போது ஒரே ஆட்டம். மாதக்கணக்கில் ஆடிய பையன்களை அறுபது நிமிடத்தில் வெளியேற்றுவது அங்கேதான் நடக்கிறது, இறுதி ஆட்டத்தில் அல்ல. அதை மறுபடி மூன்றாக்கச் சொல்லி எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது.